ஜெர்மன் டிவியா, சீன டிவியா: நான் ஏன் 'சைனா'வை எடுத்தேன்

ஹாலுக்கு 43 இஞ்ச் டிவி தேடியதில் கடைசியில் இரண்டுதான் மிஞ்சின, ப்ளாபுங்க்ட் ஒன்று, டிசிஎல் ஒன்று. ப்ளாபுங்க்ட் சில ஆயிரம் குறைவு. "சார், இது ஜெர்மன் கம்பெனி, அது சைனா" என்று கடைப் பையன் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். நான் சைனாவைத்தான் எடுத்தேன்.

முதலில் அந்த 'ஜெர்மன்' கதை. பெயர் ஜெர்மன்தான், சந்தேகமே இல்லை. 1920களில் பெர்லினில் தொடங்கிய கம்பெனி, பிறகு பாஷ் கைக்குப் போய் பல பத்தாண்டுகள் கார் ரேடியோவுக்குப் பேர் போனது. 2009இல் பாஷ் அதை விற்றுவிட்டது, வாங்கியவர்கள் கையிலும் நிலைக்காமல் சில வருடங்களில் திவாலானது, இன்றைக்கு இருப்பது பெயரை உரிமத்துக்கு விடும் தொழில், அதாவது வேறு கம்பெனிகள் பணம் கொடுத்து அந்தப் பெயரைத் தங்கள் டிவியில் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் அந்தப் பெயரில் டிவி செய்வது நொய்டாவைச் சேர்ந்த சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ். கோடாக், தாம்சன் டிவிகளையும் இங்கே கொண்டுவந்தது அதே கம்பெனிதான். இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை, முறையாக உரிமம் வாங்கித்தான் செய்கிறார்கள், பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் அச்சாகியும் இருக்கும். அது 'ஜெர்மன் டிவி'யாக மாறுவது ஷோரூம் பேச்சில்.

தாம்சன் கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சு தாம்சன் தன் டிவி தொழிலை 2004இல் டிசிஎல்லுடன் சேர்த்துத் தொடங்கிய கூட்டு நிறுவனத்தில் போட்டது, அதில் பெரும்பங்கு டிசிஎல்லுடையது. அதாவது பிரெஞ்சு டிவி வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், வம்சாவளிப்படி அவரை சைனாக்காரரிடம்தான் அனுப்ப வேண்டும்!

'ஜப்பான்' பெயர்களும் இப்படித்தான். தோஷிபா டிவி தொழிலை சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிவிட்டது, ஷார்ப் 2016இல் தைவானின் பாக்ஸ்கான் வசம் போனது. எல்சிடி பேனல் (டிவியில் படம் தெரியும் திரை) தயாரிப்பில் பெரும்பங்கு இப்போது சீனாவில்தான், சாம்சங்கே அதைவிட்டு வெளியேறிவிட்டது. அதனால் "ஜப்பான் பேனல் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். படம், சத்தம், கூகுள் டிவி எல்லாம் இந்த விலையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே விஷயம்: நாலாவது வருடம் பேனல் போனால் யார் பொறுப்பு? பெயர் ஒருவருடையது, தயாரிப்பு இன்னொருவருடையது என்றால், உரிமம் முடிந்து பெயர் வேறு கைக்கு மாறும் நாளில் பழைய டிவி வைத்திருப்பவர் நடுவில் நிற்பார். நடக்காத கதை இல்லை. பிலிப்ஸ் 2010இல் இந்தியாவில் தன் டிவி பெயரை வீடியோகானுக்கு உரிமமாகக் கொடுத்தது, 2018இல் வீடியோகானே திவால் நடவடிக்கைக்குள் போனது, இப்போது பிலிப்ஸ் பெயரில் டிவி செய்வது டிபிவி என்ற வேறொரு கம்பெனி. முன்னே வாங்கியவரின் பேனலுக்கு இவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? உரிமம் என்றாலே மோசம் என்றும் சொல்லவில்லை. ஹைசென்ஸ் தோஷிபா பெயரை 40 வருடத்துக்கு வாங்கியிருக்கிறது, அது டிவியின் ஆயுளைவிட எவ்வளவோ நீளம். சிக்கல் என்னவென்றால், மற்ற பெயர்களில் உரிமம் எத்தனை வருடம் என்பது பெட்டியில் போட்டிருக்காது.

சின்னக் கோளாறுக்கு இந்தக் கவலை வேண்டாம். பேக்லைட் பட்டை (திரைக்குப் பின்னால் வெளிச்சம் தருவது), பவர் போர்டு போனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒன்று கிடைக்கும், ஏரியா மெக்கானிக்கே மாற்றிவிடுவார். பேனல்தான் அப்படி இல்லை, டிவி விலையில் பாதிக்கு மேல் அதுதான், மாடலும் பொருந்த வேண்டும். உறவினர் வீட்டில் ஒரு உரிமப் பெயர் டிவியில் (எந்தப் பெயர் என்பது வேண்டாம்) கோடு விழுந்தபோது, அந்த மாடல் பேனல் வருவதில்லை, புது டிவிக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். டிசிஎல்லுக்கு பேனல் செய்யும் சிஎஸ்ஓடியும் டிசிஎல் பெயரிலேயே இயங்கும் நிறுவனம், அதற்குத் திருப்பதியிலேயே டிஸ்ப்ளே மாட்யூல் (டிவியில் பொருத்தத் தயாரான திரை) ஆலையும் இருக்கிறது. பெயரும் தயாரிப்பும் ஒரே இடம் என்பதால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான் என் கணக்கு. என் டிவி இன்னும் பழுதாகவில்லை, ஆகவே அவர்கள் சர்வீஸ் பிரமாதம் என்று என்னால் சான்று கொடுக்க முடியாது. பழசாக விற்கும்போது இரண்டுக்கும் பெரிய விலை வராது.

பெட்ரூமுக்கு 32 இஞ்ச் என்றால் நானே உரிமப் பெயரை எடுப்பேன், பேனல் போனால் போகட்டும் என்று விடக்கூடிய விலை அது. 55, 65 என்று போகிறவர்கள் பில் போடும் முன்பு சர்வீஸ் எண்ணுக்கு போன் செய்து, அந்த மாடல் பேனலின் இன்றைய விலை என்ன என்று கேளுங்கள். அப்புறம் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரையும் முகவரியையும் படியுங்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டி கொடுப்பது கம்பெனியா கடையா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.