ரிமோட் சர்வர்ல நோட்புக்: லைன் கட்டானா எது தாங்கும்?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பெரிய வீட்டுல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், முகப்புல ஃபுல்லா காட்டுற சிக்னல் வளவு தாண்டி உள்ள போனா ஒத்த பாயிண்டுக்கு வந்துரும், சொவரு கனம் அப்படி. அதனால தூரத்து சர்வர்ல நோட்புக் (கோட துண்டு துண்டா எழுதி ஓட்டிப் பாக்குற பக்கம்) ஓட்ட எந்த செட்டப் நல்லதுன்னு யாரு கேட்டாலும் நான் மொதல்ல பாக்குறது, நெட்டு போனா ஓடிட்டு இருக்க கோடு என்ன ஆகும்ங்கிறது தான்.

விஎஸ் கோட் ரிமோட் எஸ்எஸ்ஹெச், அதாவது கோடு எழுதுற எடிட்டர்ல இருந்தே எஸ்எஸ்ஹெச்ங்கிற பாதுகாப்பான லைன் வழியா சர்வர்ல வேலை பாக்குறது, ரொம்ப சொகுசு. தப்பு தேடுற டீபக்கர், கோடு மாத்துனத கணக்கு வச்சிக்கிற கிட், ஃபைல் எல்லாம் ஒரே விண்டோல. கொஞ்ச நேரம் நெட்டு போய் வந்தா அதுவே திரும்ப ஒட்டிக்கும், ஆனா விண்டோவ மூடிட்டீங்கன்னா அது கெளப்புன கர்னலும் (நோட்புக் கோட ஓட்டுற புரோகிராம்) கூடவே போயிரும். சின்ன சர்வர்னா ராம் மெமரியையும் நல்லா தின்னும்.

என் ஓட்டு டீமக்ஸ் (நாம வெளிய வந்தாலும் சர்வர்ல டெர்மினல ஓட வச்சிருக்குற டூல்) உள்ள ஜுபிட்டர் லேப் (பிரவுசர்ல நோட்புக் தொறக்குறது), அதுக்கு எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வர் போர்ட்ட நம்ம லேப்டாப்புக்குக் கொண்டு வர்ற வழி). சர்வர்ல டீமக்ஸ் செஷன் தொறந்து, பிரவுசர் வேணாம்னு சொல்லி லேப ஸ்டார்ட் பண்ணுங்க, 8888 போர்ட்ல நிக்கும், நம்ம லேப்டாப்ல எஸ்எஸ்ஹெச் கமாண்டுல மைனஸ் எல் (-L) போட்டு அந்த போர்ட்ட இங்க இழுத்து, பிரவுசர்ல தொறந்து, ஜுபிட்டர் காட்டுற டோக்கன பாஸ்வேர்ட் மாதிரி குடுத்தா முடிஞ்சது. கரண்ட் போகட்டும், லேப்டாப் அணையட்டும், கர்னல் அங்க பாட்டுக்கு ஓடும். ஒண்ணு மட்டும், டேப மூடிட்டு வந்தா நடுவுல பிரிண்ட் ஆனது பெரும்பாலும் நோட்புக்ல இருக்காது, அதனால மாடல் டிரெயினிங் ஓட்டுறப்ப லாக ஃபைல்ல எழுதுங்க, மாடல அப்பப்ப சேவ் பண்ணுங்க. டனல் அடிக்கடி அறுந்தா அத தானா திரும்ப இணைக்கிற ஆட்டோஎஸ்எஸ்ஹெச் போட்டுக்கங்க. சோம்பல்பட்டு 8888அ பாஸ்வேர்ட் இல்லாம வெளி உலகத்துக்குத் தொறந்து மட்டும் விட்றாதீங்க தம்பிகளா, கிரிப்டோ மைனிங் பண்றவன் உள்ள வந்து உக்காந்துருவான்.

சொகுசும் வேணும்னா, டீமக்ஸ்ல ஓடுற அதே ஜுபிட்டரோட யூஆர்எல்ல விஎஸ் கோட்ல கர்னலா செலக்ட் பண்ணலாம், அப்ப விண்டோ மூடுனாலும் கர்னல் சாகாது.

கூகுளோட ஆன்லைன் நோட்புக் கோலேப் இலவசம், கத்துக்க நல்லது. ஆனா சும்மா விட்டா கட் பண்ணிரும், ஃப்ரீல அதிகபட்சம் 12 மணி நேரம் தான்.

அழகப்பா மாதிரி கேம்பஸ்ல ஒரு கிளாசுக்கே வேணும்னா லிட்டிலஸ்ட் ஜுபிட்டர் ஹப் (பல பேரு ஒரே சர்வர்ல ஜுபிட்டர் ஓட்டுற செட்டப்) போடுங்க. ஒரே உபுண்டு சர்வர், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின், 100 பேர் வரைக்கும்னு கணக்கு வச்சுப் பண்ணது. ஒருத்தரோட நோட்புக் 10 நிமிஷம் சும்மா கெடந்தா நிறுத்திரும், டீ குடிக்கப் போற கிளாஸ்னா அந்த டைம மொதல்லயே கூட்டி வச்சிருங்க.