லினக்ஸில் நாலு வருட ஸ்கைரிம் மாடிங்

விண்டோஸை அழித்துவிட்டு முழுக்க லினக்ஸுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. இந்தக் காலத்தில் நான் அதிகம் நோண்டியது ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கேமைத்தான், இப்போது அதில் நூற்றுக்கும் மேல் மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் ஃபைல்கள்) ஓடுகிறது. கேம் ஓடுவது பெரிய விஷயமே இல்லை. 2018-ல் வால்வ் தன் கேம் தளமான ஸ்டீமோடு, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைச் சேர்த்துக் கொடுத்ததிலிருந்து, இன்ஸ்டால் பண்ணி பிளே அமுக்கினால் போதும். மாட் போடும்போதுதான் உண்மையான வேலை.

முதல் மாதம் என்னைப் படுத்தி எடுத்தது ஒரே ஒரு எழுத்து. கவசத்தின் தோற்றத்தை மாற்றும் மாட் ஒன்றைப் போட்டேன், ஃபைல் எல்லாம் டேட்டா ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது, ஆனால் கேமுக்குள் போனால் அதே பழைய இரும்புக் கவசம். இரண்டு ராத்திரி லோடு ஆர்டரை (மாட்கள் ஏறும் வரிசையை) மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம் டெர்மினலைத் திறந்து பார்த்தால் டெக்ஸ்ச்சர்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்: ஒன்றில் முதல் எழுத்து பெரியது, இன்னொன்றில் எல்லாமே சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. புரோட்டான் ஒன்றுக்குள் தேடிவிட்டு நின்றுவிடுகிறது, மற்றதில் இருப்பது கண்ணிலேயே படுவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கியதும் கவசம் பளபளவென்று வந்து நின்றது. இதற்கு நிரந்தர வழியும் உண்டு: லினக்ஸ் கெர்னல் 5.2 முதல் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில், பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும் கேஸ்ஃபோல்ட் வசதி இருக்கிறது, ஆனால் காலி ஃபோல்டருக்கு மட்டும்தான் அதைப் போட முடியும், அதனால் கேமை இறக்குவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

நான் கடைசியில் மாட் ஆர்கனைசர் 2-க்கு மாறினேன். அது மாட்களை நிர்வகிக்கும் விண்டோஸ் மென்பொருள்தான், கேமுக்காகப் புரோட்டான் உருவாக்கும் போலி விண்டோஸ் ஃபோல்டரான பிரிஃபிக்ஸுக்குள்ளேயே ஓடும், ஒவ்வொரு மாட்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் டிக்கை எடுத்துவிட்டால் சரி. பல மாட்களுக்குத் தேவைப்படும் எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் நீட்டிப்பையும் அதன் வழியாகவே தொடங்குகிறேன்.

பிரிஃபிக்ஸ் என்றதும் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டீம் ஃபோல்டருக்குள் காம்பேட்டேட்டா என்று ஒன்று இருக்கும், அதில் 489830 என்ற எண்தான் ஸ்கைரிம். பிளகின் பட்டியல், ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைல்கள், சேவ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கேம் அடம்பிடித்தால் 'அந்த ஃபோல்டரை அழித்துப் பார்' என்று யாராவது சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் சேவ்களை முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். நான் எடுக்காமல் அழித்தேன். அறுபது மணி நேர ஆட்டம் போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

டிஎல்எல் (விண்டோஸ் நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் ஃபைல்) வழியாக வேலை செய்யும் மாட்களுக்கு இன்னொரு படி உண்டு. சைபர்பங்க் 2077-இல் சைபர் என்ஜின் ட்வீக்ஸ் என்ற மாட்டைப் போட்டால், கேமின் லான்ச் ஆப்ஷனில் டிஎல்எல் ஓவர்ரைடு ஒரு வரி எழுத வேண்டும், இல்லையென்றால் புரோட்டான் தன்னுடைய டிஎல்எல்லையே எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது 2002-இல் வந்த மோரோவிண்ட். ஓப்பன்எம்டபிள்யூ என்ற ஓப்பன் சோர்ஸ் என்ஜினில் அது புரோட்டானே இல்லாமல் நேரடியாக ஓடுகிறது. ஒவ்வொரு மாட் ஃபோல்டருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி, கீழே எழுதியது மேலே இருப்பதை மறைக்கும், அவ்வளவுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டையும் அங்கே கிடையாது. இரண்டு வருடமாக மாட் போட்டு ஆடுகிறேன், கேமின் அசல் ஃபோல்டரில் ஒரு ஃபைலைக்கூட இன்னும் தொடவில்லை.