ஏப்ரல் பனிக்கு அன்டர்மாட்டா, எங்கெல்பெர்க்கா?

சூரிச்சிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலைகளில், ஏப்ரல் தொடக்கத்திலும் ஸ்கீ சறுக்க நம்பி வெளிக்கிடலாம் என்று எங்கள் வீட்டில் மிஞ்சியவை இரண்டு: எங்கெல்பெர்க்கின் டிட்லிஸ், மற்றது அன்டர்மாட். ஃப்ளும்சர்பெர்க் இன்னும் கிட்டத்தான், ஆனால் அதன் உச்சியே 2,222 மீட்டர். இரண்டு வருடம் டிட்லிஸுக்குப் போனோம், இந்த முறை அன்டர்மாட். இனி ஏப்ரலுக்கு அதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன், ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பயணத்தில் பெரிய வித்தியாசமில்லை. எங்கெல்பெர்க்குக்கு லுட்சேர்னில் ரயில் மாறவேண்டும், அன்டர்மாட்டுக்குக் கோஷெனனில். கோஷெனனிலிருந்து ஷோலெனன் பள்ளத்தாக்கில் பற்சக்கர ரயில் ஏறும்போது மகனுக்கு யன்னலோரம் வேண்டும், அவ்வளவுதான். உயரம் என்றால் டிட்லிஸ்தான் கூட. லிஃப்ட் 3,000 மீட்டருக்கு மேலே, பனியாற்றடியிலேயே இறக்கிவிடும். அன்டர்மாட்டின் கெம்ஸ்ஸ்டாக் 2,961. கணக்குப் பார்த்து நானும் இரண்டு வருடம் டிட்லிஸுக்கே டிக்கெட் எடுத்தேன்.

பிறகுதான் விளங்கியது, வசந்தத்தில் மலை எவ்வளவு உயரம் என்பதைவிட எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதே பெரிய விஷயம். வானம் வெளித்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை விட்டு இறுகிவிடும். விடிய அதில் இறங்கினால் கண்ணாடியில் சறுக்குவது போல, ஸ்கீ கிறீச்சிடும், முழங்கால் நோகும். வெயில் பட்டு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது கிடைப்பதுதான் இங்கே எல்லாரும் கொண்டாடும் ஃபிர்ன். பருமணிச் சீனி மாதிரி இருக்கும், ஸ்கீ தானாகத் திரும்பும். இன்னும் கொஞ்சம் வெயில் ஏறினால் சுல்ஸ், அதாவது குழைந்த கஞ்சி. ஒரு சரிவில் நல்ல ஃபிர்ன் நிற்பது எங்கள் அனுபவத்தில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் அங்கே நிற்கவேண்டும்.

அன்டர்மாட் இதற்கென்றே அமைந்த ஊர். பள்ளத்தாக்கின் ஒரு கரையில் நெட்ஷன், தெற்கு முகம். எதிர்க்கரையில் கெம்ஸ்ஸ்டாக், வடக்கு முகம். ரயிலடியிலேயே கொண்டோலா ஏறி, காலையில் நெட்ஷன் பக்கம் போனோம். பத்து மணிக்கே சீனி. பன்னிரண்டரைக்குக் கஞ்சியாகத் தொடங்க, இறங்கிச் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே ஊரின் மற்றத் தொங்கலுக்குப் போய்க் கெம்ஸ்ஸ்டாக் ஏறினோம். அங்கே உச்சியில் இன்னும் குளிர்காலம், நடுவில் அப்போதுதான் இளக்கம். ஒரே டிக்கெட்டில் ஃபிர்ன் இரண்டு தரம். கடைசியில் மட்டும் ஊர்வரை சறுக்காமல் நடு நிலையமான குர்ஷனிலிருந்து லிஃப்டிலேயே இறங்கினோம். கீழ்ப்பகுதி பின்னேரத்தில் காலுக்கு வில்லங்கம்.

டிட்லிஸில் எங்களுக்கு இந்த ஓட்டம் பிடிபடவேயில்லை. மேலே போனால் நேரத்தோடு வந்துவிட்டோம், கீழே வந்தால் பிந்திவிட்டோம். டிட்லிஸின் ஜோக்பாஸ் பக்கச் சரிவுகளில் பழகினவர்கள் இதை மறுக்கலாம். நாங்கள் அங்கே நின்றது அரைநாள்தான்.

ஒரு சின்னச் சங்கதி. மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள், ஆனால் பனிக்கு அது தெரியாது. ஏப்ரலில் எட்டு மணிக்கே வரிசையில் நின்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்டர்மாட்டின் குறையையும் சொல்லவேண்டும். கெம்ஸ்ஸ்டாக் பழகுகிறவர்களுக்குரிய மலை அல்ல. அங்கே நடுத்தரச் சிவப்புச் சரிவும் கடினமான கறுப்பும்தான், லேசான நீலத்தைத் தேடாதீர்கள். ஸ்கீ தொடங்கி இரண்டே சீசனான என் மனைவி மத்தியானத்தோடு முடித்துக்கொண்டு, வெயிலில் கோப்பியோடு இருந்துவிட்டார். வீட்டில் எல்லாரும் புதிது என்றால் நான் சொன்ன இரண்டாம் பாதியே உங்களுக்கு இல்லை. ஃபோன் (Föhn) என்கிற சூடான மலைக்காற்று அடிக்கிற நாளிலும் போகாதீர்கள். இரவு பனி இறுகாது, உச்சி லிஃப்டும் நிற்கக்கூடும். தாவோஸில் இருக்கும் எஸ்.எல்.எஃப். என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் பின்னேரம் 5 மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை முதல் நாளே பாருங்கள், காலை 8 மணிக்கு இன்னொன்று வரும். பிஸ்டேயை, அதாவது அடையாளமிட்ட சறுக்குப் பாதையை, விட்டு வெளியே போகிற எண்ணமிருந்தால் ஈரப்பனிச்சரிவு பற்றிய வரியைத் தவறவிட வேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு கூடும் ஆபத்து அதுதான்.

மே மாதம் என்றால் இவ்வளவு கதையும் தேவையில்லை, டிட்லிஸுக்குப் போங்கள். சுழலும் கொண்டோலாவில், சேலைக்கு மேல் ஜாக்கெட் போட்டுச் சென்னையிலிருந்து வந்த யாராவது ஒரு அம்மா, உங்கள் காலில் கிடக்கும் பூட்ஸைப் பார்த்து "இதைப் போட்டுக்கிட்டு எப்படிப்பா நடக்கிறீங்க?" என்று கேட்பார்.