தாம்பரத்தில் காபித்தூள்: மாம்பலம் ரயிலா, பாக்கெட்டா, பக்கத்து அரவைக் கடையா?

மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்கு மாம்பலத்திலிருந்து கிழக்கு தாம்பரத்துக்கு வீடு மாறினோம். வாடகை, தண்ணீர், பையனின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் அலசினோமே தவிர, காபித்தூளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சேலையூர் பக்கம் குடிவந்த நாலாவது நாள் டப்பா காலி. "இங்க தூளுக்கு எங்கடா போறது?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்கப்புறம் நாலு வழியையும் பார்த்தாகிவிட்டது. பழைய மாம்பலம் கடைக்கே ரயிலேறிப் போவது, சூப்பர் மார்க்கெட் பாக்கெட், கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் ஒரு சின்ன அரவைக் கடை, கொட்டையை வரவழைத்து வீட்டிலேயே அரைப்பது. இப்போது அரவைக் கடையில்தான் வாங்குகிறோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. ஜிஎஸ்டி சாலையில் போர்டு போர்டாகத் தொங்கும் டிகிரி காபி, பித்தளை டபரா எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அது ஊருக்குப் போகும் வழியில் குடிப்பது. நான் சொல்வது காலை ஐந்தரைக்கு வீட்டில் பல் தேய்த்த கையோடு குடிக்கும் காபி.

பாக்கெட்டை முதலில் முடித்துவிடுகிறேன். நரசூஸ், லியோ, கோத்தாஸ், புரூ எல்லாமே இந்தப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், ராத்திரி ஒன்பதரைக்குப் போனாலும் கிடைக்கும், ஒரு பிராண்டைப் பிடித்துக்கொண்டால் ருசி மாதத்துக்கு மாதம் மாறாது. வாங்கும்போது விலைக்கு முன்னால் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். காபி எத்தனை சதவீதம், அதோடு கலக்கும் சிக்கரி வேர்ப் பொடி எத்தனை என்று கட்டாயம் போட்டிருக்க வேண்டும். சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, அதாவது சிக்கரி 49 வரை போகலாம். கோத்தாஸில் 85க்கு 15 கலவை உண்டு, அதே வரிசையில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கலந்த பாக்கெட்டும் நிற்கும். விலை குறைவு என்று அதை எடுத்தால் பாதி வேருக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

சிக்கரியைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அது கொஞ்சமும் இல்லாவிட்டால் தண்ணீர் தடதடவென்று இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து நிதானமாக இறக்கும், நிறமும் கொடுக்கும். எங்கள் வீட்டுக் கணக்கு நூறுக்கு இருபது. அதைத் தாண்டினால் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாகத் தள்ளிவிடுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

சரி, மாம்பலம். அப்பா காலத்திலிருந்து வாங்கும் கடை அது. தெருவில் திரும்பும்போதே வறுவல் வாசனை வந்துவிடும். கல்லாவில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் "பாதிக்குப் பாதி, இருபது" என்று உள்ளே குரல் கொடுப்பார். பாதி பிளாண்டேஷன் ஏ, பாதி பீபெரி (இரண்டும் காபிக் கொட்டை ரகம்), சிக்கரி இருபது. நான் வாயே திறக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து மாம்பலம் பத்தாவது ஸ்டேஷன், சானடோரியத்திலிருந்து சைதாப்பேட்டை வரை எல்லாவற்றிலும் நின்று போகிற வண்டியில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். திரும்பி வரும்போது மடியில் பை, பெட்டி முழுக்க மணம். ஒருமுறை பழவந்தாங்கலில் ஏறிய ஒரு பெரியவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக "எந்தக் கடை?" என்றார். பெயரைச் சொன்னதும் அவருடைய கலவையைச் சொல்ல ஆரம்பித்தவர், குரோம்பேட்டையில் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

எட்டு மாதம் இப்படித்தான் ஓடியது. ஆனால் அவ்வளவு தூரம் போகிறவன் கால் கிலோ வாங்கிக்கொண்டா வருவான்? வீட்டில் நாளைக்கு 35 கிராம் ஆகிறது, வாரத்துக்குக் கால் கிலோ, மாதத்துக்கு ஒரு கிலோ. மாதம் ஒரு தடவை போய் ஒரு கிலோவாக வாங்கி வந்துவிடுவேன்.

கோளாறு அங்கேதான் இருந்தது, எனக்கு அது பிடிபடவே பல மாதம் ஆயிற்று. முதல் வாரம் காபி அமிர்தம். இரண்டாவது வாரம் பரவாயில்லை. மூன்றாவது வாரத்தில் ஏதோ குறையும், என்ன என்று சொல்லத் தெரியாது. நாலாவது வாரம் அம்மா "இது காபியா கஷாயமா" என்பாள். நான் பாலைச் சந்தேகப்பட்டேன். ஃபில்டர் கண் அடைத்துக்கொண்டதோ என்று மேல் பாத்திரத்தை அடுப்பில் காட்டிச் சுட்டெடுத்தேன். தாம்பரம் தண்ணீர் சரியில்லை என்று கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். தூளின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அது மாம்பலம் தூள்.

ஒரு மாதக் கடைசியில் மழை, ரயில் ஏற மனமில்லை. டப்பாவில் இன்னும் ஒரு நாள் தூள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கேம்ப் ரோடு கடையில் 200 கிராம் அரைத்து வாங்கி வந்தேன். மறுநாள் காலை வீட்டில் இருந்த இரண்டு ஃபில்டரிலும் போட்டேன், ஒன்றில் நாலு வாரத்து மாம்பலம், இன்னொன்றில் முந்தின நாள் அரைத்த உள்ளூர்த் தூள். எது எது என்று சொல்லாமல் இரண்டு டம்ளரை அம்மா முன்னால் வைத்தேன். உள்ளூர்த் தூளைத் தொட்டு, "மாம்பலம் இதுதானே" என்றாள்.

நியாயமாக மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த முறை மாம்பலம் போய் வந்த மறுநாளே, உள்ளூரிலும் புதிதாக அரைத்து வாங்கி, இதே சோதனையைச் செய்தேன். மாம்பலம் சந்தேகமில்லாமல் ஜெயித்தது. வறுவல் சீராக இருந்தது, குடித்து முடித்த பிறகும் நாக்கில் நின்றது. ஆக, கடைக்குக் கடை வைத்துப் பார்த்தால் மாம்பலம்தான் மேல். ஆனால் நான் கடையைக் குடிக்கவில்லை, டப்பாவில் இருக்கும் தூளைக் குடிக்கிறேன். கடை தூரமாக இருந்தால் மொத்தமாக வாங்குகிறோம், மொத்தமாக வாங்கினால் மாதத்தில் பாதி நாள் பழைய தூள். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற சுமாரான கடை, ரயிலில் போகிற அருமையான கடையை அந்தப் பாதி நாளில் ஜெயித்துவிடுகிறது.

காரணம் பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. வறுக்கும்போது கொட்டைக்குள் வாயு உண்டாகி அடைபட்டு இருக்கும், மணமும் உள்ளேயே இருக்கும். கொட்டையாக இருக்கும்வரை மெதுவாகத்தான் வெளியேறும். அரைத்துவிட்டால் ஆயிரம் துண்டாகிவிடுகிறது, எல்லாப் பக்கமும் காற்று படுகிறது, மணம் நாட்கணக்கில் போய்விடுகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, தூளை அமுக்கும் குடையை வைக்காமல், கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். புதுத் தூள் மாவு புளித்த மாதிரி உப்பி எழும், மேலே குமிழ் குமிழாக வெடிக்கும். மூன்று வாரத்துத் தூள் சேற்றில் தண்ணீர் விட்ட மாதிரி அப்படியே அமுங்கிக் கிடக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு நான் பாலைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பாக்கெட்டிலும் இதே கதைதான். பேக் செய்த மாதம் போட்டிருக்கும், அரைத்து எத்தனை நாளாயிற்று என்பது நமக்குத் தெரிய வழியில்லை. காற்றுப் புகாத உறையில் வருவதால் பிரிக்கும் அன்று நன்றாகவே இருக்கும், ஆனால் பிரித்த நிமிடத்திலிருந்து அதுவும் இந்த ஓட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. பாக்கெட்தான் என்றால் அரைக் கிலோவை விட்டுவிட்டு 200 கிராம் பாக்கெட்டாக வாங்குங்கள்.

(ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்தோம். கறிவேப்பிலை வாசனையோடு காபி குடித்தோம். டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் வேறு.)

இனி கேம்ப் ரோடு கடை. எட்டடி அகலம் இருந்தால் அதிகம். சுவரில் ஒரு கரும்பலகை, அதில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரொபஸ்டா, சிக்கரி என்று கிலோ விலை சாக்பீஸில் எழுதியிருக்கும். வியட்நாம், பிரேசில் விளைச்சல் அடிவாங்கியதில் 2024இல் உலகச் சந்தையில் விலை ஏறியதே, அந்த நேரத்தில் கடைக்காரர் பலகையை அடிக்கடி அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார், விலைக் கட்டமே வெள்ளையாகிவிட்டது. ஒரு கிலோவாக வாங்கிக்கொண்டிருந்தால் பணம் கொடுக்கும்போது சுருக்கென்றிருக்கும், கால் கிலோவில் அவ்வளவு உறைக்கவில்லை.

முதல் நாள் அவர் "ரெடியா அரைச்சது இருக்கு சார், தரட்டா?" என்றுதான் கேட்டார். பின்னால் ஒரு பெரிய டின். இங்கே ஏமாந்துவிடக் கூடாது. சாயங்காலக் கூட்டத்தில் பல பேர் அந்த டின்னிலிருந்துதான் வாங்கிப் போகிறார்கள், அதை வாங்குவதற்கு அரவைக் கடைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. "இல்லண்ணே, அரைச்சே கொடுங்க, நிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம்தான். முந்தின ஆளுக்கு அரைத்த தூள் மெஷின் குழாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், குழாயை ஒரு தட்டு தட்டிவிட்டு அரைக்கச் சொன்னால் நல்லது. இப்போதெல்லாம் நான் சொல்லாமலே தட்டிவிடுகிறார், கொஞ்சம் சத்தமாகவே தட்டுகிறார்.

அரைத்ததும் தூள் சூடாக இருக்கும், காகிதப் பையைக் கையில் வாங்கினால் வெந்நீர்ப் பை மாதிரி. "வீட்டுக்குப் போய் ஆறவிட்டு மூடுங்க, இல்லைன்னா வேர்த்துடும்" என்பார். அவர் பேச்சை மீறி ஒருநாள் சுடச்சுட எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடினேன், மறுநாள் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், ஓரத்தில் தூள் கட்டி.

குறை இல்லாமல் இல்லை. மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை ஷட்டர் இறங்கிவிடும். கரண்ட் போனால் அரவை இல்லை, டின்தான். வறுவல் தடவைக்குத் தடவை கொஞ்சம் மாறும், ஒரு வாரம் கூடுதலாகக் கறுத்திருந்து காபி கசந்தது. "கொஞ்சம் ரொபஸ்டா சேருங்க சார், திக்கா வரும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். இரண்டே தடவைதான் சேர்த்தோம், திக்காகத்தான் வந்தது, அம்மாவுக்குக் கசப்பு பிடிக்கவில்லை. எங்களுடைய விகிதம் தப்பாகவும் இருந்திருக்கலாம், அதை வைத்து ரொபஸ்டாவை ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

பீபெரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை முகம் பார்த்து ஒட்டியிருக்கும். சில பழத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. தனியாகப் பொறுக்கி எடுப்பதால் விலை கொஞ்சம் கூட. உருண்டையாக இருப்பதால் வறுவல் சீராக ஏறும் என்பார்கள்.

கடைசியாக, வீட்டு அரவை. மேலே சொன்ன தர்க்கப்படி பார்த்தால் இதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும், அன்றன்றைக்கு அரைத்தால் பழசு என்ற பேச்சே இல்லை. சிக்மகளூர் பக்கமிருந்து வறுத்த கொட்டையைக் கூரியரில் வரவழைத்து நாலு மாதம் செய்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். மிக்ஸியில் அடித்தால் பாதி நைஸாகவும் பாதி ரவையாகவும் வருகிறது, நைஸ் தூள் ஃபில்டர் கண்ணை அடைத்து டிகாக்‌ஷன் இறங்க முக்கால் மணி நேரம். அதுவும் காலை ஐந்தரைக்கு மிக்ஸி ஓடினால் பையன் எழுந்துவிடுகிறான். கையால் சுற்றும் அரவை மெஷின் ஒன்று வாங்கினேன். பதம் அருமையாக வந்தது, ஆனால் 35 கிராமுக்குச் சுற்றி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஒருவர் இருவர் இருக்கிற வீடு, பொறுமையும் உண்டு என்றால் பாக்கெட்டுக்குப் போகாமல் இதைச் செய்து பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் நல்ல அரவை மெஷின் இருந்தால் என் முடிவே மாறியிருக்குமோ என்னவோ.

இப்போது சனிக்கிழமை காலை காய்கறிப் பையோடு போய் 250 கிராம் அரைத்து வாங்கி வருகிறேன். டப்பா காலியாகும்போதும் தூளில் உயிர் இருக்கிறது. மாம்பலத்தை அடியோடு விடவில்லை, கல்யாணம் கார்த்திகை என்று அந்தப் பக்கம் போனால் கடையில் எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. போன மாதம் போனபோது கல்லாக்காரர் வழக்கம்போல "பாதிக்குப் பாதி, இருபது, ஒரு கிலோ" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"இருநூறு கிராம் போதும்ணே."

எழுதப் போன பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். "ஏன் தம்பி, வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.