பிள்ளையைச் சேர்க்கும் முன், வெளியே வந்தபின் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்

சென்னையில் போதை மறுவாழ்வு மையம் தேடி அலைகிற பெற்றோர் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா பையனுக்கு 17 வயது. புறநகரில் உள்ள ஒரு தனியார் மையம் 90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவனை உள்ளே வைத்தது, வெளியே விட்டதும் கைகழுவிவிட்டது. அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்த மையம் இல்லை.

அவனுக்கு இருந்தது வலி மாத்திரைப் பழக்கம். போலீஸ் செய்திகளில் அடிக்கடி வருகிறதே, டேப்பென்டடால், அதுதான். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டான். அக்கா முழங்கைத் தழும்பைப் பார்த்த அன்றே வீடு இடிந்துபோனது. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டவர் அக்காவிடம் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “கவலையே படாதீங்கம்மா. 45 நாள் உள்ள இருப்பான். அப்புறம் 6 மாசம் வாராவாரம் ஓ.பி. வந்தா போதும். கவுன்சிலிங், யூரின் டெஸ்ட், டாக்டர் விசிட், எல்லாம் இதே பேக்கேஜ்ல வந்துடும்.” ரசீதிலும் ‘ஃபாலோ-அப் உட்பட’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற இடங்களை விட்டுவிட்டு இங்கே கட்டினோம்.

உள்ளே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் 21 நாள் போனும் கிடையாது, பார்க்கவும் விடமாட்டார்கள். “பேசினா மனசு மாறிடுவான்” என்றார்கள். தலையை மொட்டை அடித்தார்கள். ஐம்பது வயதுக் குடிநோயாளிகளோடு ஒரே ஹாலில் படுக்க வைத்தார்கள். காலையில் ஹாலும் கழிப்பறையும் கழுவுவது பையன்கள் வேலை.

இவை எல்லாமே சட்டப்படி தப்பு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய்க்குள்தான் சேர்க்கிறது. அதனால் இந்தச் சட்டம் கொடுக்கும் உரிமை எல்லாம் அவனுக்கும் உண்டு. கட்டாய மொட்டை கூடாது, சம்பளமில்லாமல் வேலை வாங்கக் கூடாது, வீட்டாரோடு பேசுவதைத் தடுக்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கடுமை. பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ துணைக்கு ஒருவரோ சிகிச்சை முடியும்வரை கூடவே தங்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள், நோயாளிகளின் உரிமையைப் பாதுகாக்கிற மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். “உங்க ஆள் யாரும் இங்க தங்கக் கூடாது” என்று ஒரு மையம் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த பாதியைப் பற்றி.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். மேலே இவன் பெயர். கீழே ‘நோயாளி கடந்த 12 ஆண்டுகளாக மது அருந்தி வந்தார், மனைவி அழைத்து வந்தார்’ என்று இருந்தது. 17 வயதுப் பையனுக்கு மனைவி! வேறு யாருடைய தாளிலோ பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்திருக்கிறார்கள். என்ன மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு நாள் கொடுத்தார்கள், இனி எந்த டாக்டர் பார்ப்பார், எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மேற்கொண்டு என்ன சிகிச்சை என்று நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசித் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது இந்தத் தாள்தான்.

முதல் சனிக்கிழமை ஓ.பி.க்கு நானும் அக்காவும் கூட்டிப்போனோம். மாடியில் ஒரு ரூம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மேஜைமேல் ஒரு நீளமான நோட்டு. டாக்டர் இல்லை. ‘கவுன்சிலர்’ என்று உட்கார்ந்திருந்தவர் அதே மையத்தில் முன்பு சிகிச்சை எடுத்தவராம். மீண்டு வந்தவர்கள் மற்றவர்களுக்கு உதவுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, அது பெரிய துணை. ஆனால் பயிற்சி பெற்றவர் ஒருவர் கூட இருக்க வேண்டாமா? “அம்மா பேச்சக் கேக்குறியா? கோயிலுக்குப் போறியா?” என்று கேட்டார். இவன் தலையாட்டினான். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். யூரின் டெஸ்ட் கேட்டதற்கு “கிட் தீர்ந்துடுச்சு மேடம்”. அடுத்த வாரம் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. போன் செய்தால் “டாக்டர் கேம்ப் போயிருக்கார்”. பிறகு போனையும் எடுக்கவில்லை.

அப்புறம் அந்த ராத்திரி வந்தது. பழைய சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான், போயிருக்கிறான், முன்பு எடுத்துக்கொண்ட அதே அளவை எடுத்திருக்கிறான். பாத்ரூமில் உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டுவிட்டு வர, அக்கா கதவை உடைத்து வெளியே இழுத்தாள். 108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டரம்மா சொன்னதை வலி மாத்திரை, ஹெராயின் பழக்கம் உள்ள பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரம் எடுக்காமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு தாங்கிய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. இதை அந்த மையத்தில் ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை. 90,000 ரூபாய் வாங்கியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

“உள்ள இருக்கும்போது எவனும் எடுக்காமத்தாம்மா இருப்பான். பூட்டின ரூம்ல மாத்திரை கிடைக்காது, அவ்வளவுதான். பரீட்சையே வெளியதான்” என்றார் அவர். உடம்புவலி, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு, கண்ணிலும் மூக்கிலும் நீர் என்று படுத்துகிற கட்டம் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏக்கம் மாதக்கணக்கில் இருக்கும். அதே தெரு, அதே பஸ் ஸ்டாப், அதே போன் நம்பர்கள். இள வயதில் மூளையின் நிதானப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளரும். அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், உள்ளேயோ வெளியேயோ சிகிச்சை 90 நாளுக்குக் குறைந்தால் பலன் குறைவு என்றே சொல்கிறது. எல்லாப் பிள்ளையையும் உள்ளே சேர்க்க வேண்டியதும் இல்லையாம். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களை வீட்டிலிருந்தே ஓ.பி.யில் பார்க்கலாம். நிறுத்தும்போது வலிப்பு வரும் அபாயம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வீட்டுச் சூழலே சரியில்லாதது, இப்படி இருந்தால்தான் உள்நோயாளிச் சிகிச்சை. அப்போதும் அதிலிருந்து படிப்படியாக வெளியே இறக்க வேண்டும்.

உண்மையான ஓ.பி. எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறோம். இப்போது பார்க்கிற மனநல டாக்டர் புப்ரெனார்ஃபின் என்று ஏக்கத்தைக் குறைக்க நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தன் கண்காணிப்பில் கொடுக்கிறார். சோஷியல் வொர்க்கர் அவனோடு தனியாகப் பேசுகிறார், அக்காவோடு தனியாகப் பேசுகிறார், பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைக்கிறார். தினமும் சட்டைப்பையைத் துழாவாதீர்கள், டெஸ்ட் எப்போது என்று அவனுக்கும் தெரியட்டும் என்றார். விட்டுப்போன பிளஸ் டூ பரீட்சை எழுதுவது பற்றியும் அங்கேதான் பேச்சு.

மையத்துக்காரர்கள் மறுபடி எப்போது எங்களைத் தேடினார்கள் தெரியுமா? விஷயம் எப்படியோ காதில் விழுந்து மேனேஜரே போன் செய்தார். “மறுபடி ஒரு மாசம் போட்டுடலாம்மா, உங்களுக்காகப் பாதி ரேட்.” ஓ.பி. ஏன் நடக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளை திரும்ப விழுந்தால் அவர்களுக்கு இன்னொரு அட்மிஷன்.

ஆகவே, உள்ளே இருக்கும் கட்டில்களைப் பார்ப்பதற்கு முன் ஓ.பி. நடக்கும் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். எந்த மனநல மருத்துவர், எந்தக் கிழமை வருகிறார் என்று பெயரோடு கேளுங்கள். அங்கே காத்திருக்கும் பெற்றோரிடம் பேசுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி, தேதியைப் படியுங்கள். ஃபாலோ-அப் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446க்கு, அதாவது போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணுக்கு, அழைக்கலாம். மன உளைச்சலுக்கு டெலி மானஸ் 14416, எந்த நேரமும் பேசலாம், இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனி வகுப்புகள் நடக்கின்றன.

நாங்கள் மனநல ஆணையத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். ரசீது, அந்த டிஸ்சார்ஜ் தாள், ஷட்டர் இறங்கிய போட்டோ எல்லாம் இணைத்து நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 2 வருடத்துக்குள் புகார் தர வேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. உங்களுக்கும் இப்படி ‘ஃபாலோ-அப் உட்பட’ என்று எழுதிய ரசீது இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேளுங்கள், அதைப் பெறுவது நோயாளியின் உரிமை.