ஸோஹோ சி.ஆர்.எம்.மில் யாருக்கு எது தெரிய வேண்டும்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப்செட் விநியோகம் செய்யும் எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக ஸோஹோ சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் விவர மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம், தொடக்கம் முதலே அதன் அட்மின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. டீலர் விவரம், கொட்டேஷன், தள்ளுபடி ஆகியவற்றில் யார் எதைப் பார்க்கலாம் என்று அமைத்த அனுபவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இதில் ரோல், ப்ரொஃபைல் என இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. யாருடைய ரெக்கார்டுகள் (ஒரு டீலர், ஒரு கொட்டேஷன் போன்ற தனித்தனிப் பதிவுகள்) ஒருவர் கண்ணில் படும் என்பதை ரோலும், கண்ணில் பட்டதைத் திருத்தலாமா, அழிக்கலாமா, எக்ஸ்போர்ட் செய்யலாமா என்பதை ப்ரொஃபைலும் தீர்மானிக்கின்றன. ஒரு மாட்யூலை (ஒரே வகை ரெக்கார்டுகள் இருக்கும் பகுதியை) பிரைவேட் என்று வைத்தால், ரெக்கார்டின் உரிமையாளரும், யாருக்குக் கீழே யார் என்று காட்டும் ரோல் மரத்தில் அவருக்கு மேலே இருப்பவர்களும், அட்மினும் மட்டுமே அதைக் காண்பார்கள்.

நான் செய்த பெரிய தவறு, பதவிப் பட்டியலை அப்படியே ரோல் மரமாக வரைந்ததுதான். கணக்குப் பிரிவு மேலாளர் பணியில் மூத்தவர் என்பதால், மரியாதை கருதி அவரை விற்பனை மேலாளருக்கு மேலே வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் விற்பனை மேலாளர் என் மேசைக்கு வந்து, "சார், டீலர்கிட்ட நான் இன்னும் பேசியே முடிக்கலை, அதுக்குள்ள அந்தத் தள்ளுபடி ஏன்னு அக்கவுண்ட்ஸ்ல கேக்கறாங்க" என்றார். கணக்குப் பிரிவுக்குத் தேவைப்பட்டவை இன்வாய்ஸ்கள் மட்டுமே. அப்பிரிவைத் தனிக் கிளையாகப் பிரித்து, இன்வாய்ஸ் மாட்யூலுக்கு மட்டும் பார்வை உரிமை தரும் பகிர்வு விதி ஒன்றை எழுதிய பிறகே அந்தக் கேள்விகள் நின்றன.

அடுத்ததாக, ஈரோடு, சேலம், மதுரை ஆகிய மூன்று ஊர்களுக்கும் 'விற்பனைப் பிரதிநிதி' என்ற ஒரே ரோலை வைத்திருந்தேன். ஊருக்கு ஒரு மேலாளர் இருக்க, ஒரு ரோலை ஒரே ஒரு மேல் ரோலுக்குக் கீழேதான் வைக்க முடியும் என்பதால், ஊருக்கு ஒரு ரோலாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ரோல் உருவாக்கும்போது, அதே ரோலில் இருப்பவர்களுடன் தரவைப் பகிரலாமா என்று கேட்கும் ஒரு சிறு பெட்டி வரும். யோசிக்காமல் அதில் டிக் போட்டுவிட வேண்டாம்.

ஆளைப் பார்த்து அனுமதி தராமல், அவர் செய்யும் பணியைப் பார்த்துத் தர வேண்டும் என்ற முறையை 1992-இலேயே டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு கூன் ஆகிய இருவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். இருந்தும் "இவருக்கு மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்கள்" என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார். எக்ஸ்போர்ட் உரிமையை இப்போது இருவருக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். கொள்முதல் விலை காட்டும் புலம் (ஃபீல்டு) பிரதிநிதிகளின் ப்ரொஃபைலில் மறைக்கப்பட்டுள்ளது.

எந்த வழிகாட்டியிலும் என் கண்ணில் படாத சிக்கல் ஒன்று, இடமாற்றத்தின்போது வந்தது. சேலம் பிரதிநிதி ஒருவர் மதுரைக்கு மாறியதும் அவருடைய ரோலை மாற்றினேன். ஆனால் பழைய ரெக்கார்டுகள் அவர் பெயரிலேயே இருந்ததால், சேலம் டீலர்கள் மதுரை மேலாளரின் திரையில் தோன்ற, சேலம் மேலாளருக்கோ அவர்கள் ஒரே இரவில் காணாமல் போனார்கள். அன்றிலிருந்து இடமாற்ற ஆணையின் நகல் முதலில் என்னிடம் வருகிறது. ரெக்கார்டுகளின் உரிமையாளரை மாற்றிய பிறகே ரோலில் கை வைக்கிறேன்.