பெறாமகளின் கிளினிக் அட்டையும் ஃபின்லாந்துக் கைப்பிடியும்

நோர்வேயில் பிள்ளை பெற்றவளுக்குத் திருகோணமலையில் கண்ணைப் பறிப்பது கடற்கரை இல்லை, வீடு தேடி வரும் மிட்வைஃப்தான். உப்புவெளியில் அக்கா வீட்டில் நின்றபோது அவர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அக்காவின் மகளான என் பெறாமகளின் கர்ப்பிணி அட்டையைப் புரட்டினார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை யார் சாப்பிடுவது என்று அதட்டினார். காசு ஒரு சதம் இல்லை. நோர்வேயில் கர்ப்ப காலத்தில் நாங்கள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

பெறாமகளுக்கு இது முதல் பிள்ளை, 35ஆவது வாரம். அவளுக்குப் பயம் நோவில் இல்லை, பிறப்புவாயை வெட்டிப் போடும் தையலில். "முதல் பிள்ளையென்றால் வெட்டித்தான் எடுப்பார்கள்" என்று கேட்டே வளர்ந்தவள். அக்காவுக்கும் அப்படித்தான் நடந்தது. வெட்டியது தெரியாமலே இருந்து, தைக்கும்போதுதான் அறிந்தாளாம்.

அத்தான் வெளியே போனதும், வெட்டாமல் தப்ப வழியுண்டா என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் நானே கேட்டேன். மிஸ் கூச்சப்படவில்லை, பிறப்புவாயை முன்கூட்டியே தளர்த்தும் தடவலைச் சொல்லித் தந்தார். நகத்தை வெட்டி, கையைக் கழுவி, சுத்தமான தேங்காயெண்ணெய் தொட்டு, பெருவிரலைப் பிறப்புவழிக்குள் ஓர் அங்குலம் போல வைத்து, கீழேயும் இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், சில நிமிடம் போதும். நீர்க்குடம் உடைந்தாலோ, தொற்று இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ தொடவே கூடாது. முதல் பிரசவக்காரருக்கு இதனால் வெட்டும் தையலும் ஓரளவு குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. அக்கா மட்டும் "சீ, இதெல்லாம் கதைக்கிற கதையா" என்று குசினிக்குள் போய்விட்டாள். போனவள் கதவைச் சாத்தவில்லை.

நான் என் பங்குக்கு நோர்வேக் கதையைச் சொன்னேன். 2000களின் தொடக்கத்தில் அங்கே 100 பிரசவத்தில் 4 பேருக்கு மேல் மலவாய்த் தசைவரை கிழிந்தது. பக்கத்து ஃபின்லாந்தில் 1 கூட இல்லை. நோர்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்டாட் ஆஸ்பத்திரியில், பிள்ளையின் தலை வரும்போது கைகொடுக்கும் ஃபின்லாந்துக் கைப்பிடி முறையைப் பழக்கினார்கள். ஒரு கை தலையை விறுக்கென்று வெளிவர விடாமல் மட்டுப்படுத்தும். மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பிறப்புவாய்க்குக் கீழுள்ள தசையைப் பக்கங்களிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து தாங்கும். சில வருடங்களில் 4 சுமார் 1 ஆனது. கைபிடிப்பதா, கையை எடுத்துவிடுவதா என்று மருத்துவிச்சிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. முக்கும் நேரத்தில் வைக்கும் வெந்நீர்த் துணி ஒத்தடத்தில் அந்த வாதமில்லை. பெரிய கிழிசலை அது குறைக்கிறது. செலவும் ஒரு கேத்தில் தண்ணீர்தான். கன்னியா வெந்நீரூற்றை வைத்திருக்கிற ஊருக்கு இது பாரமா என்று கேட்டேன், மிஸ் சிரித்துவிட்டார்.

"லேபர் ரூமில் நிற்கிறவர்கள் வேறு ஆட்கள், அம்மா. அங்கே என் கை எட்டாது" என்றார். எனக்குக் குறையாகப் பட்டது இதுதான். மாதக்கணக்காகக் கூட வந்தவர் முக்கியமான அந்த ஒரு மணித்தியாலத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே எழுதிவிட்டது. பிள்ளையின் இதயத்துடிப்பு விழுந்தாலோ, இடுக்கி போன்ற ஆயுதம் வைத்து எடுக்க நேர்ந்தாலோ வெட்டு வேண்டிவரலாம். அதையும் மலவாய்ப் பக்கம் போகாமல் சரிவாக வெட்ட வேண்டும். காரணத்தைத் தாய்க்குச் சொல்லிவிட்டு வெட்டினால் என்ன?

மிஸ் தன்னால் முடிந்ததைச் செய்தார். "தலை தெரிகிற நேரம் முக்காதே பிள்ளை, வெயிலில் ஓடி வந்த நாய் மாதிரி மூச்சு வாங்கு" என்று செய்துகாட்டினார். பெறாமகள் சிரித்துச் சிரித்துப் பழகினாள். மல்லாந்து கிடக்க விருப்பமில்லை, ஒருக்களித்துப் படுக்கலாமா என்று அட்மிட் ஆகும்போதே கேட்கச் சொன்னார்.

பிறந்த பிறகு முதல் பத்து நாளுக்குள்ளேயே திரும்ப வருவாராம். மருந்துச் சரக்கு அவித்த சரக்குத் தண்ணி, வேப்பிலைக் குளிப்பு எல்லாம் நடக்கட்டும், தையலைத் தனக்குக் காட்ட வேண்டும் என்றார். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், அது மருத்துவம் பார்க்கிற வருத்தம் என்றும் சொன்னார். அப்போதுதான் அக்கா குசினியிலிருந்து, "அப்படியென்றால், இவ்வளவு காலம் கழித்தும் காட்டலாமா மிஸ்?" என்று கேட்டாள். கிளினிக் நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.